‘ஏற்கெனவே தெரிந்தது’ என்று நான் தூக்கிப் போட்ட தட்டுகள்: பல்லுயிர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்தாருக்கு,

வணக்கம்.

பாக்டீரியா உலகில் வேலூருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. சால்மோனெல்லா கிருமிக்கு 2,500க்கும் மேற்பட்ட உள்வகைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைப் பிரித்தெடுத்தால், எடுத்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது நெடுநாள் வழக்கம். அந்தப் பட்டியலில் ‘வெல்லூர்’ என்று ஒரு வரி இருக்கிறது. லண்டன், டப்ளின், வெல்லூர்! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சந்தோஷப்படுவதா வயிற்றைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாது.

யோசித்துப் பார்த்தால் இந்த மாவட்டத்துக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள பழக்கம் முழுக்க ஆஸ்பத்திரி வழியாக வந்ததுதான். 1900இல் ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைதான் சி.எம்.சி.; இன்று நாடு முழுக்க நோயாளிகள் ரயிலேறி வரும் இடம். 1955இல் காரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் கண்டுபிடித்தது 1873இல். கிருமிக்குத் தீனி ஊற்றி வைக்கும் எந்த ஆய்வுக்கூடத் தட்டிலும் இன்று வரை அதை வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ உடம்பிலும்தான் வளர்க்கிறார்கள். அப்படிப்பட்ட பிடிவாதக்காரனைக்கூட விடாமல் துரத்தி எழுதிவைத்த ஊர் இது. நோய் தருகிறது என்றால் பெயர், விலாசம், எந்த மருந்துக்குச் சாகும், எல்லாம் நம்மிடம் உண்டு.

நோய் தராததைப் பற்றித்தான் இந்த மடல்.

ஊரில் என்னென்ன உயிர்கள் உண்டு என்று எழுதிவைக்கும் எங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைச் சென்ற ஆண்டு புரட்டிப் பார்த்தேன். 2020 ஜனவரிக்குள் முடிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால் நாடெங்கும் அவசரமாக எழுதப்பட்ட பதிவேடுகளில் அதுவும் ஒன்று. குறை சொல்ல மாட்டேன். புளி, வேம்பு, இலுப்பை, ஆவாரை இருக்கின்றன. கீரி இருக்கிறது. கெளுத்தியும் விராலும் ஏரியில் தண்ணீர் இருந்த காலத்து நினைவாக இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு ஒரு வரியும் இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமோ உயிர்வளம் என்பதற்குப் பொருள் சொல்லும் இடத்திலேயே தாவரம், விலங்கு, நுண்ணுயிர் என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சட்டத்தில் இடம் பிடித்த மூன்றாவது ஆள், ஊராட்சி நோட்டுக்கு வந்து சேரவே இல்லை.

சரி, வாரியத்தைக் கேட்பதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதில் முதல் குற்றவாளி நான்தான்.

இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் எல்லாருக்கும் ப்ராஜெக்ட் உண்டு. பாலாற்று மணல், தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர், கோட்டை அகழித் தண்ணீர், நிலக்கடலை வேர் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். ஒரு கிராம் மண்ணை ஒன்பது மில்லி தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு மில்லி எடுத்து இன்னொரு ஒன்பது மில்லியில், இப்படி ஆறேழு முறை கரைத்து, கடைசிக் கரைசலைத் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாகக் காலனிகள், அதாவது பாக்டீரியாக் கூட்டங்கள், வந்திருக்கும். அவசரப்பட்ட தட்டில் அவசரக்காரர்கள்தான் வருவார்கள். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்க, எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதே பாசில்லஸ், அதே சூடோமோனாஸ். சத்து குறைந்த அகாரில் (தட்டில் ஊற்றும் தீனிக்கூழ்), 28 டிகிரியில், இரண்டு வாரம் பொறுமையாக விட்டால் வேறு ஆட்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் செமஸ்டருக்குத் தெரியாது.

ஒரு வருஷம் பொங்கல் லீவு எங்களுக்காகப் பொறுமை காத்தது. குடியாத்தம் பக்கத்து மாணவி ஒருத்தி ஆற்று மணல் தட்டுகளில் ஒன்றை எடுத்துவைக்க மறந்து ஊருக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், வெள்ளைக் காலனிகளுக்கு நடுவே குண்டூசித் தலை அளவில் மூன்று காலனிகள். இளஞ்சிவப்பு, சவ்வுமிட்டாய் நிறம். ஊசியால் தொட்டால் ஈரமில்லாமல் உருண்டு வந்தது. அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புது இனம் என்றே முடிவு கட்டிவிட்டாள். 16எஸ் மரபணு வரிசை பார்க்க அனுப்பினோம். ஏறக்குறைய 1,500 எழுத்துகள் கொண்ட வரிசை அது; பாக்டீரியாவின் ஜாதகம் மாதிரி. பெயரிடப்பட்ட ஓர் இனத்தோடு ஒப்பிட்டு, ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் ‘புதிய இனமாக இருக்கலாம்’ என்று பேச்சே ஆரம்பிக்கும். அவளுடையது 99ஐத் தாண்டிவிட்டது. வேறொரு நாட்டில், வேறொரு மண்ணில் யாரோ முன்பே பெயர் வைத்த இனம்.

“புதுசு இல்லம்மா. ஏற்கெனவே தெரிஞ்சது. விட்டுடு” என்றேன்.

அவள் தட்டை மூடாமல் கேட்டாள்: “இந்தியாவுல இதுக்கு முன்னாடி யாராவது எடுத்திருக்காங்களா சார்?”

“தேடிப் பாரு.”

இரண்டு நாள் கழித்து வந்தாள். “எங்க தேடணும்னே தெரியல சார்.”

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, “ரெக்கார்டு எழுதி முடி, அப்புறம் பாக்கலாம்” என்றேன். பரீட்சை முடிந்து தட்டுகள் ஆட்டோகிளேவுக்குப் போயின. அப்புறம் பார்க்கவில்லை.

இந்த ஊரில் மட்டும் அப்படி எத்தனை தட்டுகளை அவித்துக் கொட்டியிருக்கிறேன் என்று இப்போது கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது. உலகத்துக்குப் புதுசா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, நம் ஊருக்குப் புதுசா என்ற கேள்வியைக் கேட்கவே நாங்கள் பழகவில்லை.

அந்த இரண்டாவது கேள்வியையே ஒரு தேசத்தின் வேலையாக எடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தென் கொரியாவில் இஞ்சியோன் நகரில் தேசிய உயிர்வள நிறுவனம் ஒன்றை 2007இல் தொடங்கினார்கள். அங்கிருந்து ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து, மண், கடல், சேறு, கிம்ச்சி ஜாடி வரை துருவி, ‘கொரியாவில் இதுவரை பதிவாகாத பாக்டீரியா இனங்கள்’ என்று பட்டியல் போடுகிறார்கள். புது இனம் இல்லை, கவனியுங்கள். உலகம் ஏற்கெனவே அறிந்த இனம். கொரியாவில் இருப்பதாக யாரும் எழுதாதது, அவ்வளவுதான். அவர்கள் கையில் இருப்பதும் அதே 98.7 சதவீதக் கோடுதான். நாங்கள் கோட்டுக்கு மேலே வந்தால் தூக்கிப் போடுவோம். அவர்கள் கோட்டுக்கு மேலே வந்தால் பதிவேட்டைத் திறப்பார்கள்.

அவர்களின் கட்டுரைகளைப் படித்தால் சுவாரசியமாக எதுவும் இருக்காது. ஒன்றில் இருபது இனம், இன்னொன்றில் முப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி: கோல் வடிவமா உருண்டையா, கிராம் என்ற வகைபிரிக்கும் சாயம் பிடிக்குமா, காலனி என்ன நிறம், எந்த அகாரில் எத்தனை டிகிரியில் எத்தனை நாளில் வந்தது, என்னென்ன சர்க்கரையைத் தின்னும், எந்த ஊர் மண், எந்த எண்ணில் சேமித்திருக்கிறது. முடிந்தது. பெருமாள் கோயில் நகைக் கணக்கு மாதிரி வறட்சியாக இருக்கும். ஆனால் இருபது வருஷம் அந்த வறட்சியை விடாமல் எழுதினால் ஒரு நாட்டுக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், எங்கள் பிள்ளைகள் தங்கள் பாக்டீரியாவின் வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கும் இணையத் தரவுத்தளங்களில் ஒன்றும் கொரியாக்காரர்கள் கட்டியதுதான். பாலாற்று மணலில் இருப்பது யார் என்று சியோலைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

நம் நாட்டிலும் எழுதாமல் இல்லை. விலங்குக்கு ஒரு மத்திய நிறுவனம், தாவரத்துக்கு ஒரு மத்திய நிறுவனம், இரண்டும் ஆண்டுதோறும் புதிய இனங்களோடு ‘இந்தியாவில் முதல் பதிவு’ என்றும் பட்டியல் வெளியிடுகின்றன. ஒரு தட்டானோ ஒரு பாசியோ பக்கத்து நாட்டில் தெரிந்ததாக இருந்தாலும், இங்கே முதன்முதலாகக் கண்டால் அது செய்தி. பத்திரிகைக்காரர்கள் போட்டோ கேட்பார்கள். தாவரப் பட்டியலின் கடைசி ஓரத்தில் நுண்ணுயிர்களும் கொஞ்சம் ஒண்டிக்கொண்டு வருகின்றன. அந்த ஓரம்தான் பாக்டீரியாவுக்கு நாம் கொடுத்த திண்ணை.

2012இல் ஐதராபாத்தில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டின்போது நமக்குத் தேசிய நுண்ணுயிர் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. தயிர் உறையவைக்கும் லாக்டோபாசில்லஸ். மகிழ்ச்சி. அதன் முழுப் பெயரில் ‘டெல்புரூக்கி’ என்பது ஒரு ஜெர்மானியர் பெயர், ‘பல்காரிக்கஸ்’ என்பது பல்கேரியா. நம் தேசிய நுண்ணுயிரின் பெயரிலேயே வேறு தேசம் இருக்கிறது! எழுதிவைத்தவன் ஊர்தான் பெயரில் நிற்கும். தயிர் நம் வீட்டில் எத்தனை நூற்றாண்டாக உறைந்தால் என்ன?

இங்கே வாரியத்தில் படித்தவர்கள் யாராவது ஓர் ஆட்சேபம் சொல்லக்கூடும். சொல்ல வேண்டும். “பாக்டீரியாவுக்கு ஏது சொந்த ஊர்? காற்றிலும் தூசியிலும் உலகம் சுற்றுகிறது.” பாஸ் பெக்கிங் என்ற டச்சு விஞ்ஞானி 1934இலேயே சொன்னதுதான்: எல்லாம் எங்கும் உண்டு, ஆனால் எது தழைக்கும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கும். முதல் பாதியைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. எனக்கு வேண்டியது இரண்டாம் பாதி. இந்தச் சூழல் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது?

பேரணாம்பட்டில் பச்சைத் தோல் குடோன் ஒன்றுக்கு மாதிரி எடுக்கப் போயிருந்தேன். உப்புப் போட்டு அடுக்கிய தோல்கள், இடுப்பு உயரத்துக்கு. மூக்கில் துணி கட்டாமல் நிற்க முடியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேல் தோலை ஒரு பெரியவர் புரட்டிக் காட்டினார். சதைப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் திட்டு. ரத்தம் என்றே நினைத்தேன்.

“ரத்தம் இல்ல சார். செகப்பு ஏறிடுச்சு. இது ஏறிட்டா தோலு வீக்கு. பதம் பண்ணாலும் ரேட்டு வராது” என்றார்.

“எதுல இருந்து வருது பாய்?”

“உப்புல இருந்து. வேற எதுல இருந்து?”

அவர் சொன்னது அப்படியே அறிவியல். வெயிலில் காய்ச்சும் கடலுப்பில் குடியிருக்கும் உப்புவிரும்பிகள், உப்போடு லாரி ஏறி வந்து தோலில் பரவுகின்றன. சிவப்பு அவற்றின் சொந்த நிறமி. இன்னொன்றும் உண்டு: அவற்றில் பெரும்பாலானவை கறாராகச் சொன்னால் பாக்டீரியாவே இல்லை. கார்ல் வோஸ் என்ற விஞ்ஞானி 1977இல் தனிக்குலமாகப் பிரித்தாரே, இன்று ஆர்க்கியா என்கிறோமே, அந்தச் சாதி. இரண்டையும் சேர்த்து ‘உட்கரு இல்லாத உயிர்கள்’ என்று பொதுப் பெயர் சொல்வது உண்டு. நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், சண்டை வராது.

இப்போது சொல்லுங்கள், அந்தச் சிவப்புத் திட்டு பேரணாம்பட்டு உயிரா, கடற்கரை உயிரா? என் பதில்: எழுதும்போது ‘வந்த வழி: உப்பு’ என்று ஒரு கட்டம் போட்டால் போதும். சீமைக்கருவேலம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துதானே அதையும் பதிவேட்டில் எழுதினோம்?

குரோமியக் கதை இன்னும் ஆழம். தோல் பதனிடும் ஊர்களைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லாருக்கும் பாடம்; வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் ஒரு வகை, ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் கிடப்பது இன்னொரு வகை. பின்னதுதான் அறுவிணைதிறன் குரோமியம். தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் தரும், மஞ்சளாக இருக்கும். இதைப் பிடித்து மூவிணைதிறனுக்கு மாற்றிப் பல்லைப் பிடுங்கிவிடும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது எளிது. அறுவிணைதிறன் குரோமியம் இருக்கும் குழாயில் டைபீனைல் கார்பசைடு சொட்டினால் நாவல்பழச் சாறு மாதிரி ஊதா ஏறும். பாக்டீரியா இரண்டு நாள் வேலை செய்த குழாயில் அதே சொட்டு விட்டால், ஊதா வராது. ரோஸ் மாதிரி ஒரு சாயல் வந்து நிற்கும். எங்கள் பிள்ளைகள் இந்தச் சோதனையை வருஷா வருஷம் செய்கிறார்கள். வருஷா வருஷம் நல்ல ஸ்ட்ரெயின் (ஓர் இனத்துக்குள் ஒரு தனி வம்சம்) கிடைக்கிறது. வருஷா வருஷம் அது செத்துப்போகிறது. அடுத்த வருஷம் அதே வாய்க்காலுக்கு அடுத்த பேட்ச் போகும், முதலிலிருந்து.

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகில் வேறெங்கோ பெயரிட்ட அதே பாசில்லஸ் இனம்தான் ராணிப்பேட்டை மண்ணிலும் இருக்கும். ஆனால் ஐம்பது வருஷமாகக் குரோமியத்தோடு குடும்பம் நடத்திய ஸ்ட்ரெயின் அதற்கென்று சில வித்தைகளைப் பழகியிருக்கலாம். இனம் தெரிந்ததுதானே என்று தட்டை அவித்தால் வித்தையும் சேர்ந்து வெந்துவிடும்.

நோய்க்கிருமி, தொழிற்சாலை என்று பேசி உங்களைப் பயமுறுத்திவிட்டேனோ? வயலுக்கு வாருங்கள். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே ரோஸ் நிறம் விரலில் ஒட்டும். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் பாக்டீரியா உள்ளே உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். பச்சையோ பழுப்போ என்றால் ஆட்டம் முடிந்தது. வேளாண் விரிவாக்க மையத்தில் ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்று பாக்கெட் வாங்கி விதையில் கலந்து பழகிய விவசாயிக்கு, பாக்டீரியா என்ற சொல் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும். கிருமி என்று முகம் சுளிக்க மாட்டார்.

இலவம்பாடி முள்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டுப் பக்கத்து அம்மா ஒருவரிடம் வேர்மண் கேட்டேன். “மண்ணு எதுக்கு சார், காய் எடுத்துக்குங்க” என்றார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன். “இதே வெதைய அக்கா ஊர்ல போட்டாங்க. காய்ச்சுது. ஆனா இந்த ருசி இல்ல. மண்ணு வாகு இன்னா பண்றது” என்றார். ருசிக்குப் பாக்டீரியாதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. தண்ணீராக இருக்கலாம், உப்பாக இருக்கலாம், அக்கா ஊர் மேல் உள்ள பொறாமையாகக்கூட இருக்கலாம். ‘மண் வாகு’ என்று அவர் ஒரே சொல்லில் முடித்ததற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய காகிதம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. குறியீடு காய்க்குக் கிடைத்தது. மண்ணுக்கு நோட்டு கிடையாது.

சட்டச் சிக்கல் என்று ஒன்றைச் சொல்வார்கள். புதிய பாக்டீரியா இனத்துக்கு முறைப்படி பெயர் வைக்க வேண்டுமானால், அதன் மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில், யாரும் கேட்டால் தடையில்லாமல் கொடுக்கும்படி வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் சட்டமோ உயிர்வளம் நாட்டைவிட்டுப் போகும்போது அனுமதி கேட்கும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இந்திய ஆய்வாளர்கள் பலர் வருஷக்கணக்கில் அவதிப்பட்டிருக்கிறார்கள். நான் கேட்பதில் அந்த முட்டலே இல்லை. பதிவாகாத இனம் என்றால் அதன் மூலமாதிரி ஏற்கெனவே எங்கோ பத்திரமாக இருக்கிறது என்றுதானே பொருள்? நம் ஸ்ட்ரெயின் எந்த நாட்டுக்கும் போக வேண்டியதில்லை. புனே, சண்டிகர், உத்தரப் பிரதேசத்து மவூ என்று நம் நாட்டிலேயே நுண்ணுயிர் வங்கிகள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். இருக்கும் வேலைகளிலேயே சட்டம் குறுக்கே வராத வேலை இதுதான். அதைத்தான் யாரும் செய்யவில்லை.

செலவும் பெரிதில்லை. ஒரு ஸ்ட்ரெயினின் 16எஸ் வரிசை பார்க்க ஆகும் பணத்துக்கு ஆம்பூரில் நாலு பேர் பிரியாணி சாப்பிடலாம், அவ்வளவுதான். செலவு சேமிப்பில் இருக்கிறது. அதையும் என் தோலில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அப்போது நான் வேலை செய்த கல்லூரியின் ஃப்ரீசரில் பல பேட்ச் பிள்ளைகளின் ஸ்ட்ரெயின்கள் கிளிசராலில் உறைந்து கிடந்தன. ஜெனரேட்டர் இணைப்பு அந்த அறைக்குக் கிடையாது. கேட்டிருந்தோம், கோப்பு எங்கோ இருந்தது. பாஸ் வாங்கிக்கொண்டு நான் உள்ளே போக ஏப்ரல் நடுவாகிவிட்டது. கதவைத் திறந்ததும் புளித்த வாடை. தட்டில் தண்ணீர் தேங்கி, குப்பிகளில் ஒட்டிய லேபிள்கள் கழன்று மிதந்துகொண்டிருந்தன. மார்க்கரில் எழுதியவை நீலமாகக் கரைந்திருந்தன. எந்தக் குப்பி எந்த ஆறு, எந்தக் குப்பி எந்தத் தோல் ஷாப், ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் தட்டில் போட்டுப் பார்த்தோம். உயிரோடு வந்தவை பெரும்பாலும் பாசில்லஸ்தான். வித்து கட்டிக்கொண்டு கஷ்டகாலத்தைத் தூங்கிக் கழிக்கும் ஜாதி, சாகாது. மற்றவர்கள் போய்விட்டார்கள். அந்தக் கல்லூரியைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தக் கல்லூரியில் கேட்டாலும் இதே மாதிரி ஒரு ஃப்ரீசர் கதை கிடைக்கும்.

ஆகவே வாரியம் எனக்குப் புது ஆய்வுக்கூடம் கட்டித்தர வேண்டாம். மாவட்டத்தில் நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரிகளில் ஆண்டுதோறும் எப்படியும் நடக்கும் ப்ராஜெக்டுகளை ஒரு நோட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நுண்ணுயிருக்கு ஒரு பக்கம் திறந்து, அதை நிரப்பும் பொறுப்பை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் பக்கத்துக் கல்லூரியும் சேர்ந்து எடுக்கட்டும். ஸ்ட்ரெயின்களை உறைநிலையில் உலர்த்தி ஆம்பூல் என்ற கண்ணாடிக் குப்பியில் அடைத்து வங்கிக்கு அனுப்பும் கூரியர் செலவை மட்டும் வாரியம் ஏற்றால் போதும். ஆம்பூலுக்குக் கரண்டு தேவையில்லை. நோய் தரக்கூடியது என்று சந்தேகம் வந்தால் அதைக் கல்லூரியில் வைத்துக்கொள்ளக் கூடாது, பாதுகாப்பு வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வரிசை வந்ததும் பாதி தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, தேடிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். ‘இந்த இனம் இந்தியாவில், தமிழ்நாட்டில், இந்த மாவட்டத்தில் முன்பு கிடைத்திருக்கிறதா?’ என்று தட்டச்சு செய்தால் ஆம் இல்லை சொல்லும் ஒரு பக்கம்.

எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். ஒன்று எழுதிக் காட்டுகிறேன், என் நோட்டில் உள்ளபடி:

எக்ஸிகுவோபாக்டீரியம் பேரினம். பாலாற்று மணல், மே மாதம், ஒரு சாண் ஆழம், மேல் மணல் காலில் சுட்டது. சத்து குறைந்த அகார், 28 டிகிரி, மூன்றாம் நாள். காலனி ஆரஞ்சு, வட்டம், பளபளப்பு, மிளகில் பாதி. கிராம் நேர்மறை, குட்டைக் கோல், நகரும், வித்து இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை கீழே.

அந்தக் கடைசி வரி முக்கியம். மாவட்டப் பெயரை நம்ப முடியாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது வட ஆற்காட்டில். 1989இல் அது இரண்டானது, அப்புறம் வேலூர் ஆனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆறு மட்டும் அதே ஆறு, தண்ணீர்தான் இல்லை.

அந்த மாணவி இப்போது சென்னைப் பக்கம் மருந்துக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்து அவள் மணல் எடுத்த இடத்தைக் கேட்டேன். “எந்த மணல் சார்?” என்றாள் முதலில். அப்புறம் ஞாபகம் வந்து, பாலத்துக்குக் கீழே, மூன்றாவது தூணிலிருந்து இருபது எட்டு என்றாள். போய்ப் பார்த்தேன். தூண் இருக்கிறது. இருபதாவது எட்டில் மணல் இல்லை. அள்ளிவிட்டார்கள், அடியில் களிமண் வெடித்துக் கிடக்கிறது. பத்தடி தள்ளி மிச்சமிருந்த மணலில் எடுத்து வந்திருக்கிறேன். தட்டுக்கு இன்று எட்டாம் நாள். வெள்ளையும் மஞ்சளும் வந்திருக்கின்றன. இளஞ்சிவப்பு இன்னும் வரவில்லை. இரண்டு வாரம் விட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரையிலிருந்து ஒரு நுண்ணுயிரியல் வாத்தியார்